செல்லுக்கு முளைத்த ‘புதுக் கை’... பொதட்டூர்பேட்டைக்கு எட்டுமா?

மனித செல்லின் மேற்பரப்பில், அதில் இயல்பாக இல்லாத ஒரு புரதத்தை முளைக்க வைக்க முடியுமா? முடியும். இந்தியாவிலேயே அது ரத்தப் புற்றுநோய்க்கான சிகிச்சையாகிவிட்டது. பெயர் நெக்ஸ்கார்19. ஐஐடி பாம்பே, டாடா மெமோரியல் மையம், இம்யூனோஆக்ட் நிறுவனம் சேர்ந்து உருவாக்கிய இதற்கு 2023 அக்டோபரில் ஒப்புதல் கிடைத்தது.

எப்படி வேலை செய்யுது?

நோயாளியின் ரத்தத்திலிருந்து டி செல்களைப் பிரித்தெடுக்கிறார்கள். நோய் உண்டாக்காதபடி மாற்றிய வைரஸ் மூலம் அவற்றுக்குள் ஒரு புது மரபணுவை அனுப்புகிறார்கள். அதைப் படித்து, செல்லே ‘கார்’ என்ற புரதத்தைத் தயாரித்துத் தன் மேல் நிறுத்திக்கொள்ளும். அந்தச் செல்களைப் பெருக்கி, நோயாளிக்கே திரும்பச் செலுத்துவார்கள். புற்றான பி செல்கள் மீது சிடி19 என்ற புரதம் இருக்கும். ‘கார்’ அதைப் பிடித்ததும் டி செல் தாக்கும். மற்ற சிகிச்சைகள் பலிக்காதவர்களிடம் நடந்த சோதனையில் 73% பேருக்குப் பலன் தெரிந்தது.

சரி, செலவு?

அமெரிக்க விலையில் சுமார் பத்தில் ஒரு பங்குதான். ஆனா அதுவே பல லட்ச ரூபாய். முதலமைச்சர் காப்பீட்டின் பொதுவான வரம்பு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம். பொதட்டூர்பேட்டையில் விசைத்தறி ஓட்டும் குடும்பம் மீதிக்கு எங்கே போகும்?

இந்த ஆராய்ச்சி நடந்தது பொது நிறுவனங்களில், வரிப்பணத்தின் துணையோடு. அப்போ பலனும் பொதுவில் வரணும். தமிழக அரசு நேரடியாக விலை பேச வேண்டும். தனி நிதி ஒதுக்கி, சென்னை அரசு மருத்துவமனையிலேயே இந்தச் சிகிச்சையைக் கொடுக்க வேண்டும்.

மும்பையில் கண்டுபிடித்தது பெருமை. தறிக்காரர் வீட்டுக்கு எட்டினால்தான் அது மருந்து.