பெயருக்குள் ஒரு பெண்

டிக்‌ஷனரி என்றதும் 'வெப்ஸ்டர்' ஞாபகம் வருகிறதா? 1828-ல் அமெரிக்க ஆங்கிலத்துக்குப் பெரிய அகராதி போட்ட நோவா வெப்ஸ்டரின் குடும்பப் பெயர் அது. அர்த்தம் என்ன தெரியுமா? நெசவுக்காரி!

பழைய ஆங்கிலத்தில் 'ஸ்டர்' பெண்பால் விகுதி. ஒருவன், ஒருத்தி என்கிறோமே, அந்த 'த்தி' மாதிரி. ரொட்டி சுடுகிறவன் பேக்கர், சுடுகிறவள் பேக்ஸ்டர். பீர் காய்ச்சுகிறவன் ப்ரூவர், காய்ச்சுகிறவள் ப்ரூஸ்டர். அந்தக் காலத்து இங்கிலாந்தில் வீட்டிலேயே பீர் காய்ச்சி விற்றவர்கள் பெரும்பாலும் பெண்கள்தான். அது பெரிய வியாபாரமானதும் ஆண்கள் கைக்குப் போய்விட்டது. பெயர் மட்டும் பேரன் பேத்திகளிடம் தங்கிவிட்டது.

அதற்காக, எல்லா வெப்ஸ்டருக்கும் தறி நெய்த பாட்டி இருந்தாள் என்று சத்தியம் செய்ய முடியாது. வடக்கு இங்கிலாந்தில் ஆண்களையும் இப்படி அழைத்திருக்கிறார்கள். போகப்போக 'ஸ்டர்' பெண்பால் என்பதே மறந்துபோனது. தையல்காரியைக் குறித்த 'சீம்ஸ்டர்' போதவில்லை என்று, இன்னொரு பெண்பால் விகுதியையும் ஒட்டி 'சீம்ஸ்ட்ரெஸ்' ஆக்கினார்கள்!

'ஸ்பின்ஸ்டர்' கதைதான் எனக்கு வருத்தம். நூல் நூற்றுச் சம்பாதித்தவளின் தொழில் பெயர் அது. 'கல்யாணமாகாதவள்' என்று அர்த்தம் மாறி, சட்டத்திலும் ஏறியது. இங்கிலாந்துத் திருமணப் பதிவேட்டில் மணப்பெண் பெயருக்கு எதிரே அப்படித்தான் எழுதிவந்தார்கள். 2005-ல்தான் அதை எடுத்துவிட்டு, 'சிங்கிள்' என்று மாற்றினார்கள்.