பின்னால் நடக்காத மனைவி

கிறிஸ்தவக் கல்லறைத் தோட்டங்களில் அடிக்கடி கண்ணில் படும் வாசகம், ‘பக்தியுள்ள மனைவி, அன்புள்ள தாய்’. ஒரு பெண்ணின் வாழ்நாள் முழுவதும் அந்த நாலு சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. அவள் எதை நம்பினாள், அந்த நம்பிக்கைக்கு எப்படி வந்து சேர்ந்தாள் என்பதெல்லாம் கல்லில் இருப்பதில்லை. அதைத் தன் கையாலேயே எழுதி வைத்துவிட்டுப் போன ஒரு பெண்மணி மகாராஷ்டிரத்தில் வாழ்ந்தார். லட்சுமிபாய் திலக் என்று பெயர்.

நாசிக் அருகே ஜலால்பூரில் 1868இல் ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தவர். அப்பாவுக்கு மடி, ஆசாரம் என்றால் பித்து. கடையிலிருந்து வரும் உப்பைக்கூடக் கழுவித்தான் வீட்டுக்குள் சேர்ப்பார்கள். பதினோரு வயதில் கல்யாணம். கணவர் மராத்திக் கவிஞர் நாராயண் வாமன் திலக். (விடுதலைப் போராட்டத்தின் பால கங்காதர திலகர் வேறு, இவர் வேறு.) மனைவிக்கு எழுத்துக் கற்றுக்கொடுத்தவர் இவர்தான். இரக்கமும் முன்கோபமும் சரிபாதி கலந்த மனிதர். சம்பாதித்த காசு வீடு வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

1895 பிப்ரவரியில் பம்பாயில் திலக் ஞானஸ்நானம் பெற்றார். லட்சுமிபாய்க்கு அது கணவரை உயிரோடு பறிகொடுத்த துக்கம். சின்னஞ்சிறு மகன் தத்துவுடன் உறவினர்களிடம் தங்கினார். பண்டரிபுரத்தில் சகோதரியுடன் இருந்த நாட்களும் உண்டு.

சில ஆண்டுகளுக்குப் பின் கணவருடன் சேர்ந்து வாழ வந்தபோதும் அவர் மதம் மாறவில்லை. குடும்பம் ஒன்றுதான். ஆனால் அவருக்குத் தனிச் சமையல், தனித் தண்ணீர். பிறகு ஒரு கேள்வி அவரைப் பிடித்துக்கொண்டது. சாதியைப் படைத்தவர் கடவுளா, மனிதனா? மனிதன்தான் என்று மனதுக்குப் பட்டதும், யார் தந்தாலும் வாங்கிச் சாப்பிடுவது என்று முடிவு செய்தார். ஞானஸ்நானம் பெற்றது அதற்கும் பிறகு, 1900இல்.

இந்த வரிசை முக்கியமானது. தண்ணீர்ப் பானையில் இருந்த தீட்டு முதலில் போயிற்று. மதம் பிறகு வந்தது. மதமாற்றம் பற்றி நாட்டில் வாக்குவாதம் கிளம்பும்போதெல்லாம் பெண்களை யாரும் ஒரு பொருட்டாக எடுத்துக்கொள்வதில்லை. ஆசை காட்டி இழுக்கப்பட்டவர்கள் என்பார்கள், அல்லது கணவன் போன வழியில் போனவர்கள் என்பார்கள். கணவர் மாறி ஐந்து ஆண்டுகள் தானாக யோசித்து முடிவெடுத்த ஒரு பெண்ணுக்கு இந்த இரண்டு கணக்கிலும் இடமில்லை.

தத்துவோடு, தாரா என்ற பெண்ணையும் எடுத்து வளர்த்தார். 1919இல் கணவர் இறந்தார். அதன்பின் பிழைப்புக்காக மாணவியர் விடுதியில் வேலை, மகனோடு கராச்சி வாசம். இயேசுவின் வாழ்க்கையை ‘கிறிஸ்தாயனம்’ என்ற காவியமாகப் பாடத் தொடங்கியிருந்த திலக், எழுதி முடித்தவை பத்து அத்தியாயங்களே. எழுத்தையே கணவரிடம் கற்ற மனைவி, அதன் தொடர்ச்சியாக 64 அத்தியாயங்களை எழுதினார்.

ஆனால் அவர் பெயர் நிலைத்தது 1934 முதல் பகுதி பகுதியாக வெளிவந்த ‘ஸ்மிருதி சித்ரே’, அதாவது ‘நினைவுச் சித்திரங்கள்’ என்ற தன்வரலாற்றால்தான். மராத்தி உரைநடையின் சிகரங்களில் ஒன்றாக அதைச் சொல்கிறார்கள். படிப்பவரைச் சிரிக்க வைக்கும் துயரக் கதை அது. கணவரை மகானாக்க அவர் முயலவில்லை. கோபத்தையும் ஊதாரித்தனத்தையும் மறைக்காமல் எழுதினார், அன்பையும் மறைக்கவில்லை.

1950இல் வந்த ஆங்கில மொழிபெயர்ப்புக்கு வைத்த தலைப்பு ‘ஐ ஃபாலோ ஆஃப்டர்’. பின்தொடர்கிறேன் என்று பொருள். யாரை? கணவரை என்றுதான் சட்டென்று தோன்றும். ஆனால் பவுல் பிலிப்பியருக்கு எழுதிய நிருபத்தின் பழைய ஆங்கில மொழிபெயர்ப்பிலும் இதே சொற்கள் வருகின்றன. அங்கே பின்தொடரப்படுபவர் எவருடைய கணவரும் அல்ல. 2017இல் சாந்தா கோகலே செய்த முழு மொழிபெயர்ப்பு வேறு தலைப்போடு வந்தது. அதன் துணைத்தலைப்பு அவரைத் துணிச்சல்கார மனைவி என்கிறது.

லட்சுமிபாய் 1936 பிப்ரவரியில் நாசிக்கில் இறந்தார். பக்தியுள்ள மனைவி, அன்புள்ள தாய் என்று அவரையும் சொல்லலாம். தவறில்லை. ஆனால் அடுத்த முறை அந்த வாசகத்தைக் கல்லில் பொறிக்கக் கொடுப்பவர்கள் ஒரு நிமிடம் நின்று யோசிக்கலாம்: அந்தப் பக்தி யார் தேடிக் கண்டடைந்தது?