விரிந்த கை

பரலோக மந்திரத்தை நாம் நாள்தோறும் சொல்லுகிறோம். அதில் அன்றாட உணவைக் கேட்கிறோம். அடுத்து, பிறரை மன்னிப்பதாகச் சொல்லி நமக்கும் மன்னிப்பு வேண்டுகிறோம். இவ்வரிசை பொருளற்றதன்று. நாளைய தினத்தை இறைத்தந்தையிடம் ஒப்படைத்தவனுக்கே, தனக்குச் சேரவேண்டிய கடனை விட்டுவிடும் துணிவு பிறக்கும்.

1995 பிப்ரவரி 25 அன்று, மத்தியப் பிரதேசத்தில் பேருந்தில் சென்ற அருட்சகோதரி ராணி மரியா குத்திக் கொல்லப்பட்டார். கடனில் சிக்கிய ஏழை உழவர்களுக்குத் துணைநின்றதே அவர் செய்த 'குற்றம்'. அவருடைய உடன்பிறந்த தங்கையாகிய அருட்சகோதரி செல்மி பால், 2002-இல் சிறைக்குச் சென்று, கொன்றவரின் கையில் ராக்கி கட்டி அவரைத் தம் சகோதரராக ஏற்றார். பின்னர் விடுதலை பெற்றுக் கேரளம் வந்த அம்மனிதரின் கைகளை, மகளைப் பறிகொடுத்த தாய் முத்தமிட்டார். 2017 நவம்பர் 4 அன்று இந்தூரில் ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளிக்கப்பட்டது.

இழப்பு இழப்பே. ஆயினும், இழந்தவர் இறைவன் கையில் பத்திரமாயிருக்கிறார் என்று நம்புவோர்க்கு, பழிவாங்கிப் பெறவேண்டியது எதுவுமில்லை.

நாமோ ஒரு முழ வரப்புக்காக உடன்பிறந்தாரோடு ஆண்டுக்கணக்கில் பேச்சற்றிருக்கிறோம். ஆயினும் ஒரே கோவிலில் நன்மை வாங்குகிறோம். விட்டுக்கொடுத்தால் நமக்குக் குறைந்துபோகும் என்னும் அச்சமே நம் கையை மூடிவைக்கிறது. மூடிய கையால் கொடுக்கவும் இயலாது, கும்பிடவும் இயலாது.

இன்றிரவு குடும்ப செபம் முடிந்ததும், அந்த வீட்டுக் கதவைத் தட்டுவோமா?