பந்தலூரின் அமைதி எதனால் வந்தது?

நீலகிரிக்கு வரும் வெளியூர் வாகனங்களுக்கு இ-பாஸ் கட்டாயம் என்ற சென்னை உயர் நீதிமன்ற உத்தரவு 2024 மே மாதம் நடைமுறைக்கு வந்தது. ஊட்டியால் இனியும் கூட்டத்தைத் தாங்க முடியாது என்பதை அரசும் நீதிமன்றமும் ஒப்புக்கொண்டதற்கு அதுவே சாட்சி. கூட்டத்தைப் பிரித்து அனுப்ப வேறு ஊர் இல்லையா என்ற கேள்வி அடுத்து எழுவது இயல்பு. தேயிலைச் சரிவும் தென்மேற்குப் பருவமழையும் ஆங்கிலேயர் காலத்துப் பழமையும் கொண்ட, அதே மாவட்டத்தின் பந்தலூர் அதற்குப் பொருத்தமான விடையாகத் தோன்றும். ஆனால், ஓர் ஊரின் அமைதியைச் சுற்றுலாவுக்குத் திறந்துவிடும் முன், அந்த அமைதி எப்படி உண்டானது என்று பார்ப்பது அவசியம். பந்தலூரைப் பொறுத்தவரை, அது தீர்க்கப்படாத நிலச் சிக்கலின் மறுபக்கம்.

ஒப்பீட்டுக்கு, இமயமலை அடிவாரத்தில் இன்றும் அமைதியாக இருக்கும் இரண்டு ஊர்களை எடுத்துக்கொள்வோம். முசௌரியை ஒட்டியுள்ள லாண்டூர், நோயுற்ற ஆங்கிலேயப் படைவீரர்கள் உடல் தேறுவதற்காக 1827-இல் உருவான ராணுவக் குடியிருப்பு. லான்ஸ்டவுன், 1887-இல் கார்வால் படைப்பிரிவுக்காக அமைந்தது. முசௌரி ஓட்டல்களால் நிரம்பிவிட்ட பிறகும் பக்கத்திலிருக்கும் லாண்டூர் பெரிதும் மாறாமல் இருப்பதற்குக் காரணம் தேவதாரு மரங்கள் அல்ல; நினைத்த இடத்தில் கட்டடம் எழுப்ப விடாத கன்டோன்மென்ட் சட்டம். அங்கே நிலம் யாருடையது, எவ்வளவு கட்டலாம் என்பதில் குழப்பம் குறைவு. பந்தலூரில் அந்தத் தெளிவு ஒருநாளும் இருந்ததில்லை.

இந்த ஊரை வெளியுலகம் முதலில் தேடி வந்தது குளிருக்காக அல்ல, தங்கத்துக்காக. 1877-இல் தென்கிழக்கு வயநாடு மலபாரிலிருந்து பிரிக்கப்பட்டு நீலகிரியோடு சேர்ந்தது. இரண்டே ஆண்டுகளில், ஆஸ்திரேலியாவில் பணியாற்றிய பிரௌ ஸ்மித் என்ற நிலவியலாளரை அரசு இங்கே ஆய்வுக்கு அழைத்தது. அவரது அறிக்கையை நம்பி லண்டனில் கம்பெனிகள் வரிசையாக முளைத்தன. லட்சக்கணக்கான பவுண்டுக்குப் பங்குகள் விற்றன. பந்தலூரில் ஓட்டலும் குதிரைப் பந்தயத் திடலும்கூட வந்தன. பாறையிலிருந்து கிடைத்த தங்கம் செலவுக்கே கட்டுப்படியாகவில்லை என்று தெரிந்ததும், சில ஆண்டுகளுக்குள் எல்லாம் அடங்கிப்போனது. லாபம் பார்த்தவர்கள் பங்கை விற்றவர்கள். தேவாலா, பந்தலூர் பகுதிக்கு எஞ்சியவை சுரங்கக் குழிகள். வெளியிலிருந்து வரும் பணம் உள்ளூரில் தங்காது என்பதற்கு இந்த ஊரின் முதல் பாடமே போதும்.

அடுத்து வந்தது தேயிலை. 1964-ஆம் ஆண்டின் சிறிமாவோ - சாஸ்திரி ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து தாயகம் திரும்பிய மலையகத் தமிழர்களுக்கு வேலை கொடுக்க, 1968-இல் வனத்துறை தொடங்கிய தோட்டங்களே பிற்பாடு டேன்டீ என்ற அரசுத் தேயிலை நிறுவனம் ஆயின. சேரங்கோடு, சேரம்பாடி, நெல்லியாளம் என்று விரியும் அந்தத் தோட்டங்களில் கொழுந்து பறித்தவர்கள் லைன் வீடுகளில் குடியிருந்தார்கள். ஓய்வு பெற்றால் வீட்டைவிட்டு வெளியேற வேண்டும். அரை நூற்றாண்டு உழைத்த குடும்பத்துக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இல்லாத நிலை இப்படித்தான் வந்தது. தோட்டத்துக்கு வெளியே இருப்பவர்களின் கதையும் வேறல்ல. நிலம்பூர் கோவிலகம் என்ற அரச குடும்பத்தின் ஜென்ம நிலங்களை, அதாவது பரம்பரை உடைமைகளை, அரசுடைமையாக்க 1969-இல் இயற்றப்பட்ட கூடலூர் ஜென்ம நில ஒழிப்புச் சட்டம் சுமார் 80,000 ஏக்கரைத் தொட்டது. அதன் 17-ஆவது பிரிவில் சிக்கிய நிலங்கள் காடா, தோட்டமா, குடியிருப்பா என்ற வழக்கு பல பத்தாண்டுகளாக இழுத்தது. பிரிவு 17 நிலம் என்று சொன்னால் பட்டா கிடையாது. மின் இணைப்புக்குக்கூடப் போராட வேண்டியிருந்தது. பணியரும் காட்டுநாயக்கரும் இவர்கள் எல்லோருக்கும் முன்பிருந்தே இங்கே வாழ்ந்தும், நிலத்தின் மீதான உரிமையில் கடைசியில் நிற்கிறார்கள்.

தேயிலை விலை நிலையாக இல்லை; டேன்டீ தன் நிலத்தில் ஒரு பகுதியை வனத்துறைக்கே திருப்பித் தருகிறது; சுற்றுலாவையும் தடுத்தால் இந்த மக்கள் எதை நம்பி வாழ்வது என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். ஆனால், பட்டா இல்லாதவர் தங்கும் விடுதி நடத்த முடியாது. வங்கியும் கடன் தராது. உரிமை முடிவாகாமல் சுற்றுலா வந்தால், காகிதமும் பணமும் உள்ள வெளியூர்க்காரர் ரிசார்ட் கட்டுவார். உள்ளூர்க்காரர் அங்கே துணி துவைப்பார். பக்கத்துச் சீகூரில் நடந்தது நம் கண்முன் இருக்கிறது. யானை வழித்தடத்தில் ரிசார்ட்டுகள் முளைத்த பிறகு வழக்கு நடந்து, அவற்றை அகற்றச் சொன்ன உயர் நீதிமன்றத் தீர்ப்பை 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. முதலில் கட்டவிட்டு, பிறகு பூட்டுப் போடுவதைவிட முதலிலேயே வரையறுப்பது எல்லோருக்கும் நல்லது.

பட்டா கொடுத்தால் அதையே ரிசார்ட் முதலாளிக்கு விற்றுவிட மாட்டார்களா என்பது இன்னொரு வாதம். விற்கலாம். அதற்குத் தீர்வு, குறிப்பிட்ட காலத்துக்குக் கைமாற்ற முடியாத நிபந்தனைப் பட்டா; பட்டாவே தராமல் இருப்பதல்ல. ஊரையே காட்டுக்கு விட்டுவிட வேண்டும் என்போருக்கும் ஒரு வார்த்தை. 2024 ஜனவரியில் பந்தலூர் அருகே மூன்று வயதுக் குழந்தை சிறுத்தை தாக்கி இறந்தபோது மக்கள் சாலையை மறித்தார்கள். விலங்கு வரும் வழியிலேயே வீடு இருப்பது இவர்கள் விரும்பித் தேர்ந்ததல்ல. மாற்றிடம் கேட்கவும் கையில் ஒரு காகிதம் வேண்டும். நில உரிமை தெளிவானால் வழித்தடத்தைக் குறிப்பதும் எளிதாகும்.

ஆக, வரிசை முக்கியம். முதலில் குடியிருக்கும் நிலத்துக்கும் லைன் வீட்டுக்கும் உரிமை, வனவுரிமைச் சட்டப்படி பழங்குடிகளின் பங்கு; அடுத்து யானை வழித்தடமும் கட்டடத் தடை எல்லையும்; அதன் பிறகே அறைகளின் எண்ணிக்கை, அதுவும் உள்ளூர்ப் பெயரில் உள்ள வீடுகளுக்கு முன்னுரிமையோடு. சுற்றுலாத் துறை விளம்பரம் தயாரிக்கும் முன் வருவாய்த் துறை தன் கோப்புகளை முடிக்கட்டும்.