வாளிக்கு முன்னே வேலி வேண்டும்

1992 செப்டம்பரில் மலாக்கா நீரிணையின் வடபகுதியில் 'நாகசாகி ஸ்பிரிட்', 'ஓஷன் பிளெஸ்ஸிங்' கப்பல்கள் மோதின. சுமார் 12,000 டன் கச்சா எண்ணெய் கடலில் கொட்டியது. பினாங்கின் வாசலும் அதே நீரிணைதான்.

பினாங்கின் பந்தாய் கெராச்சுட் கடற்கரை மணலில் பச்சை ஆமைகள் முட்டையிடுகின்றன. உள்ளங்கையில் அடங்கும் குஞ்சு மூச்சுவாங்க நீர்மட்டத்துக்கு வந்தே ஆகவேண்டும். எண்ணெய்ப் படலம் மிதப்பதும் அங்கேதான். அலையாத்தியின் மூச்சுவேர்களை அது அடைத்துவிட்டால், இறாலுக்கும் நண்டுக்கும் நாற்றங்கால் போச்சு.

2017இல் சென்னையை ஒட்டிய எண்ணூர் அருகே கப்பல்கள் மோதியபோது மீனவர்களும் மாணவர்களும் எண்ணெய்க் கசடை வாளியால் அள்ளினார்கள். நினைத்தாலே நெஞ்சு பதறுகிறது. எண்ணெய் பரவாமல் வளைக்கும் மிதவைத் தடுப்புகள் நம் கிடங்கில் கிடந்தால் போதாது. முதல் சில மணி நேரத்துக்குள் அவற்றை விரிக்கத் தெரிந்த கைகள் பினாங்கின் தெலுக் பஹாங்கிலும் பத்து மாவுங்கிலும் வேண்டும். சுற்றுச்சூழல் துறை நம் மீனவர்களைப் படகுத்துறைதோறும் பயிற்றுவிக்கட்டும். பயிற்சி நாளின் கூலியையும் கையோடு கொடுக்கட்டும்.