கொட்டகை மரத்துக்குக் கழிவு ஆயில் அடிக்கலாமா?

கேள்வி: சவுக்குக் கம்பு, பனங்கை, பலகை வைத்து ஆட்டுக்கொட்டகை போட்டிருக்கிறோம். பக்கத்திலேயே மாடும் கட்டுகிறோம். மழை, கரையான் தாங்க வெளிப்பக்கம் என்ன பூசலாம்? டிராக்டர் கழிவு ஆயிலே போதும் என்கிறார்களே?
- வாசகி, ஒரத்தநாடு வட்டம்

பதில்: கழிவு ஆயில் வேண்டாம். காசில்லாமல் கிடைக்கிறது என்பது சரிதான். ஆனால், இன்ஜினில் தேய்ந்த உலோகத் துகள்கள் அதில் கலந்திருக்கும், ஈயமும் இருக்கலாம். ஆடு மரத்தைக் கடிக்கும், மாடு நக்கும். கழிவு ஆயிலை நக்கி, ஈய நஞ்சேறி மாடுகள் இறந்திருக்கின்றன. மீந்துபோன பழைய பெயின்ட்டும் வேண்டாம். வீட்டு பெயின்ட்டில் ஈயம் பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் கூடாது என்ற விதி 2017 நவம்பரில்தான் நடைமுறைக்கு வந்தது.

வார்னிஷ் நம் வெயிலில் வெடித்துவிடும். வெடிப்பில் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வழியில்லாமல் மரம் இற்றுப்போகும். மேலே படலமாக நிற்பதைவிட, உள்ளே ஊறும் எண்ணெய்தான் நல்லது.

முந்திரிக்கொட்டை ஓட்டு எண்ணெய் அப்படிப்பட்டது. கரையானுக்கும் ஆகாது. பண்ருட்டிப் பக்கம் முந்திரி ஆலைகளில் விசாரியுங்கள். தோலில் பட்டால் புண்ணாகும். கையுறை மாட்டி, பிரஷ்ஷால் மெல்லிசாக இரண்டு முறை பூசுங்கள். முதல் பூச்சு காய்ந்த பிறகே இரண்டாவது. பலகையின் வெட்டு முனைகள்தான் அதிகம் தண்ணீர் குடிக்கும். அங்கே தாராளமாக விடுங்கள். ஒட்டாமல் காயும் வரை ஆடுகளை வேறிடத்தில் கட்டுங்கள். உள்பக்கமும், ஆடு மாடுகளின் வாய் எட்டும் இடமும் வெறும் மரமாகவே இருக்கட்டும்.

சித்திரை, வைகாசி வெயிலில் மரம் நன்கு காய்ந்திருக்கும்போது பூசுங்கள். ஈர மரத்தில் எண்ணெய் ஏறாது. அடுத்த கோடையில் மரத்தின் மேல் தண்ணீர் தெளித்துப் பாருங்கள். முத்து முத்தாக நின்றால் பூச்சு இருக்கிறது. உறிஞ்சினால் இன்னொரு முறை பூச வேண்டும்.

இதற்கெல்லாம் முன்னால் கம்புகளின் காலைப் பாருங்கள். டெல்டா களிமண்ணில் ஈரம் லேசில் போகாது. மண்ணில் புதைத்த கம்பு தரைமட்டத்தில்தான் முதலில் இற்றுப்போகும். கரையானும் அங்கிருந்துதான் ஏறும். கையில் உள்ள பணம் ஒன்றுக்குத்தான் போதும் என்றால், எண்ணெயை அடுத்த ஆண்டுக்குத் தள்ளுங்கள். தரைக்கு மேல் ஒரு முழம் உயரும்படி சிமென்ட் கட்டை ஊன்றி, அதன்மேல் கம்பை நிறுத்துங்கள். இரும்புப் பட்டை வைத்து போல்ட் போட்டு இறுக்குங்கள். 2018-ல் கஜா புயலைப் பார்த்த ஊருக்கு அது ஏன் என்று சொல்ல வேண்டியதில்லை.