ஆராய்ச்சி மணியின் கயிறு

2021ஆம் ஆண்டு டிசம்பர் 30ஆம் நாள், புதுக்கோட்டை மாவட்டம் நார்த்தாமலையில், தாத்தாவின் வீட்டில் இருந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனின் தலையில் துப்பாக்கிக் குண்டு பாய்ந்தது. பசுமலைப்பட்டித் துப்பாக்கி சுடும் பயிற்சி மையத்தில் அன்று மத்தியத் தொழில் பாதுகாப்புப் படையினர் பயிற்சியில் இருந்தனர். புதுக்கோட்டை மருத்துவமனையிலிருந்து தஞ்சாவூருக்குக் கொண்டுசெல்லப்பட்ட சிறுவன், அறுவை சிகிச்சைக்குப் பின்னும் பிழைக்கவில்லை. 2022 ஜனவரி 3ஆம் நாள் உயிர் பிரிந்தது. முதலமைச்சர் இரங்கல் தெரிவித்து 10 இலட்சம் ரூபாய் அறிவித்தார். மையம் தற்காலிகமாக மூடப்பட்டது. நிரந்தரமாக மூட வேண்டும் என்று ஊரார் கேட்டனர்.

பணம் வந்ததே, பிறகென்ன என்று கேட்போர் நம்மிடையே உண்டு. அவர்களுக்காகவே இதை எழுதுகிறோம். இழப்பீடு தாயின் கண்ணீருக்கு அரசு காட்டும் பரிவு. அதை நாம் குறை கூறவில்லை. ஆனால் குன்றுகளின் அடியில் மக்கள் குடியிருக்கும் ஊருக்கருகே, குண்டு எல்லை தாண்டாது என்று உறுதி கூறியவர் யார்? அந்த உறுதியை எந்த ஆண்டு, எதை அளந்து கூறினார்? அன்று எத்தனை தோட்டாக்கள் வழங்கப்பட்டன, யார் மேற்பார்வையிட்டார்? இவற்றுள் ஒன்றுக்கும் காசோலை விடை கூறாது.

மனுநீதிச் சோழன் கதையை நாம் பிள்ளைப் பருவத்திலேயே கேட்டவர்கள். தேர்க்காலில் மகனையே இட்ட மன்னனின் நேர்மையைப் போற்றிப் போற்றி, அக்கதையின் கருவை மறந்துவிட்டோம். மன்னனின் வாயிலில் ஆராய்ச்சி மணி தொங்கியது; அதன் கயிறு ஒரு பசுவுக்கும் எட்டியது; இழுத்த பசுவைக் காவலர் எவரும் விரட்டவில்லை. திருவாரூர்க் கன்றின் வழக்கு நடந்ததே அதனால்தான். அம்மன்னனுக்குச் சென்னை உயர்நீதிமன்ற வளாகத்தில் சிலை வைத்திருக்கிறோம். மாவட்ட ஆட்சியர் ஊர்களுக்கு வந்து மனுப் பெறும் நாளுக்கு மனுநீதி நாள் என்றே பெயரிட்டிருக்கிறோம். மணியின் கயிறு எங்கே இருக்கிறது என்பதுதான் நம் வினா.

கன்றைப் போலவே வாயில்லாதது வீட்டு நாய். அதைக் காவலர் சுட்டுக் கொன்றால் கேட்பார் உண்டா? அமெரிக்காவில் உண்டு. 1998இல் கலிபோர்னியாவின் சான் ஓசே நகரில் இரண்டு வீடுகளைச் சோதனையிடச் சென்ற காவலர்கள் மூன்று நாய்களைச் சுட்டுக் கொன்றனர். குடும்பத்தினர் காவலர்கள் மீதே வழக்குத் தொடுத்தனர். நாய்கள் இருப்பது ஒரு வாரத்திற்கு முன்பே தெரிந்திருந்தும், சுடுவதைத் தவிர வேறு வழியை ஏன் எண்ணிப் பார்க்கவில்லை என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கேட்டது. அதிகாரிகளுக்கு வழக்கமாகக் கிடைக்கும் சட்டப் பாதுகாப்பு இவர்களுக்கு இல்லை என்று 2005இல் தீர்ப்பளித்தது. அமெரிக்கக் காவல்துறையை நாம் மெச்சுவதாக யாரும் எண்ண வேண்டாம். அங்கே கறுப்பின மக்கள் படும் பாட்டை உலகறியும். ஆயினும் ஒரு நாயின் சாவுக்கு அந்த நீதிமன்றம் கேட்ட கேள்வியைப் பாருங்கள். சுட்ட கணத்தில் என்ன நேர்ந்தது என்பதோடு அது நிற்கவில்லை. முன்பே தெரிந்திருந்தும் என்ன திட்டமிட்டீர்கள் என்று கேட்டது. நார்த்தாமலை ஊர் நேற்று முளைத்ததன்று. விசயாலய சோழீச்சுரம் நிற்கும் ஊர் அது. ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக அங்கே இருக்கிறது.

இனி நம் கயிற்றைப் பார்ப்போம். காவலர் மீதான புகார்களை விசாரிக்க மாநிலத்திலும் மாவட்டத்திலும் தனி அமைப்புகள் வேண்டும், மாவட்ட அமைப்புக்கு ஓய்வுபெற்ற மாவட்ட நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் ஆணையிட்டது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய சட்டமோ மாவட்ட ஆட்சியரைத் தலைவராகவும் காவல் கண்காணிப்பாளரை உறுப்பினராகவும் அமர்த்தியது. மாநில அமைப்பில் உள்துறைச் செயலர் தலைவர், காவல்துறைத் தலைவர் உறுப்பினர். அரண்மனைக் காவலனின் இடுப்பில் கயிற்றைக் கட்டிவைத்தால் எந்தப் பசு இழுக்கும்?

நார்த்தாமலைக்கு அதுவும் எட்டாது; பயிற்சியில் இருந்தது மத்தியப் படை. தேசிய மனித உரிமை ஆணையத்திடம் போகலாமே என்பீர்கள். 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் 19ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மத்திய ஆயுதப் படைகள் மீது புகார் வந்தால் ஆணையம் தானே புலனாய்வு செய்ய இயலாது. மத்திய அரசிடம் அறிக்கை கேட்கலாம், பிறகு பரிந்துரைக்கலாம்; அவ்வளவே. யார் மீது புகாரோ அவரை வைத்திருப்பவரிடமே அறிக்கை!

படைகளுக்குப் பயிற்சி வேண்டாமா, இப்படிக் கேள்வி கேட்டால் காவலர் மனம் தளராதா என்கிறார்கள். பயிற்சி வேண்டும். இலக்கைத் தாண்டிய குண்டு எங்கே போகும் என்று கணக்கிடுவதும் பயிற்சியின் பகுதியே. கேள்விக்குத் தளர்வது நேர்மையான காவலரின் மனமன்று. 2020இல் சாத்தான்குளம் காவல் நிலையத்தில் நடந்ததைத் துணிந்து சாட்சியாகச் சொன்னவரும் ஒரு பெண் காவலர்தான். அவ்வழக்கில் மதுரைக் கிளை காவல் நிலையத்தையே வருவாய்த்துறையின் கட்டுப்பாட்டில் வைக்கச் சொன்னது. சாட்சியம் பிழைத்தது அதனால்தான். தூத்துக்குடியிலோ 2018 மே மாதம் நடந்த துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் மாண்ட பிறகு, நீதிபதி அருணா ஜெகதீசன் ஆணையத்தின் அறிக்கை சட்டமன்றத்தை எட்டவே 2022 அக்டோபர் ஆயிற்று. காவல்துறையினர் 17 பேர் மீது நடவடிக்கை வேண்டும் என்றது அறிக்கை.

நம் வாசகர்களில் பலர் பங்குப் பேரவைகளிலும் ஊராட்சிகளிலும் பொறுப்பில் இருப்பவர்கள். தங்கள் ஊருக்கருகே சுடும் மையம் இருக்குமானால், வரும் கிராம சபையில் அதன் பாதுகாப்புச் சான்றையும், கடைசியாக எல்லை அளக்கப்பட்ட நாளையும், பயிற்சி நாட்களை ஊருக்கு முன்கூட்டி அறிவிக்கும் முறையையும் எழுத்தில் கேளுங்கள். புகார் அமைப்புகளுக்கு ஓய்வுபெற்ற நீதிபதிகளே தலைமை ஏற்க வேண்டும் என்ற தீர்மானத்தையும் அதே சபையில் நிறைவேற்றி, சட்டமன்ற உறுப்பினரின் கையில் கொடுங்கள்.